திங்கட்கிழமைக் காதுகள்

ரவுத்தலா படைமுகாமின் மருத்துவப் பிரிவில் செவிலி ஹெல்வி கர்வினெனுக்கு ஓர் அறை, அந்த அறைக்குள் இன்னோர் அறை. உள்ளறை ஒலி புகாதது. ஒருவர் உட்கார்ந்தால் முட்டி சுவரில் இடிக்கும். பையன்கள் அதற்கு ஐஸ்பெட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். கட்டாயப் படைப்பணிக்கு வந்த முதல் வாரத்தில் ஒவ்வொருவனும் அதற்குள் போக வேண்டும். சிவப்புக் கேட்பானை வலது காதிலும் நீலத்தை இடது காதிலும் மாட்டிக்கொண்டு, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்டதெல்லாம் ஒரு தாளில் கோடாகப் பதியும். பணி முடிந்து வீட்டுக்குப் போகும் வாரத்தில் மறுபடியும் ஒருமுறை. இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், படை அந்தப் பையனிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று தெரிந்துவிடும்.

பதினோரு வருடம் அவள் அப்படிப் பிடித்துப் பார்த்தாள். பெரும்பாலும் இரண்டு கோடுகளும் ஒன்றாகவே போகும். சிலருடைய தாளில் மட்டும், நாலாயிரம் ஹெர்ட்ஸ் என்று குறித்த இடத்துக்குப் பக்கத்தில், இரண்டாவது கோடு சட்டென்று கீழே விழுந்து மறுபடி ஏறும். அதை அவள் பள்ளம் என்று சொல்வாள். பள்ளம் உள்ளவனுக்குப் பேச்சு கேட்கும், லாரி கேட்கும், அதிகாரி திட்டுவது கேட்கும். அதனால் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம்புவான். நாற்பது வயதில் மனைவி பேசுவது முணுமுணுப்பாகத் தெரியும். அப்போதும் மனைவிதான் முணுமுணுக்கிறாள் என்பான்.

ஹெல்வியின் அப்பா போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். சாப்பாட்டு மேசையில் கத்துவார். உப்பு கேட்பதும் கத்தலாகத்தான் வரும். அவர் கோபக்காரர் என்று பன்னிரண்டு வயதுவரை அவள் நம்பியிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு வந்த மருத்துவர் ஒருவர் அப்பாவோடு வாசலில் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்து, “உங்க அப்பாவுக்குக் காது கேக்கலம்மா, உனக்குத் தெரியாதா?” என்றார். அத்தனை வருடம் பயந்தது வீண் என்று அன்று தெரிந்தது. அப்பாவிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. அவர் கத்திக்கொண்டே இருந்து, கத்திக்கொண்டே இறந்துபோனார்.

1994 செப்டம்பரில் தலைமையகத்திலிருந்து ஒரு புதிய படிவம் வந்தது. நோயாளி எந்தத் தேதியில் வந்தார் என்பதோடு எந்தக் கிழமையில் வந்தார் என்றும் நிரப்பச் சொன்னது. ஹெல்வி பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு நிரப்பினாள். வயிற்றுப்போக்கு எல்லாக் கிழமைகளிலும் வந்திருந்தது. கால் கொப்புளம் புதனில் கூடியிருந்தது. காதில் இரைச்சல் என்று வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். முப்பத்துமூன்று பேர் திங்கட்கிழமை.

எங்கோ தப்புச் செய்துவிட்டோம் என்று முந்தைய வருடப் பதிவேட்டைப் புரட்டினாள். அதற்கும் முந்தையதை. திங்கள், திங்கள், திங்கள்.

காட்டுப் பயிற்சி நடப்பது செவ்வாய் முதல் வியாழன்வரை. திங்கட்கிழமை காலையில் அந்த முகாமில் சத்தம் போடுவது பெருக்குமாறு மட்டும்தான். அவள் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புல்க்கினெனைப் பார்க்கப் போனாள்.

தைஸ்தோ புல்க்கினென் கம்பெனி சார்ஜென்ட். இருபத்தாறு வருட சேவை. பையன்களின் பூட்ஸ், போர்வை, தண்டனை, லீவு எல்லாம் அவர் கையில். முகாமின் தளபதிகூட லீவு விஷயத்தில் தலையிடுவதில்லை, “அது புல்க்கினெனோட சமாச்சாரம்” என்றுவிடுவார்.

“ஒரு கேள்வி, புல்க்கினென்.”

“கேளுங்க சிஸ்டர். கொஞ்சம் சத்தமாவே கேளுங்க. இந்த ஹீட்டர் ரொம்ப இரையுது.”

ஹீட்டர் அணைந்திருந்தது. அவள் அதை அப்போது பொருட்படுத்தவில்லை.

“நம்ம காட்டுல துப்பாக்கி திங்கக்கிழமை மட்டும்தான் வெடிக்குதா?”

“என்னது?”

“காது கெட்டுப்போறவன் எல்லாம் திங்கக்கிழமைதான் கெட்டுப்போறான். பாருங்க.” பதிவேட்டை விரித்துவைத்தாள்.

புல்க்கினென் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார். பிறகு சிரித்தார். “சனிக்கிழமை டிஸ்கோவுக்குப் போறானுங்க. ஸ்பீக்கர் பக்கத்துல நின்னு ஆடுறானுங்க. அதுக்கு நான் என்ன செய்ய?”

“முப்பத்துமூணு பேரும் ஒரே டிஸ்கோவா?”

“பின்ன?”

“பின்ன, புதன்கிழமை காட்டுல அடிபடுறான். வியாழக்கிழமை பல்லைக் கடிச்சிட்டு இருக்கான். வெள்ளிக்கிழமை என் கதவைத் தட்டினா என்ன ஆகும்? நோயாளின்னு எழுதுவேன். நோயாளிக்கு லீவு கிடையாது. அதனால தட்ட மாட்டான். பஸ் ஏறி வீட்டுக்குப் போயிட்டு, ஞாயிறு திரும்பி வந்து, திங்கக்கிழமை வந்து நிக்கிறான். அதுக்குள்ள அஞ்சு நாள் போயிடுது.”

“நாலஞ்சு நாள் காது இரைஞ்சா ஒருத்தன் செத்தா போயிடுவான்?”

“உள்காதுல புல்லு மாதிரி சின்னச் சின்ன மயிர் நிக்குது, புல்க்கினென். வெடிச்சத்தம் அதை மிதிச்சிட்டுப் போகுது. மிதிபட்ட புல்லு சிலது நிமிரும். வேரோட போனது முளைக்காது. முதல் நாளே கூட்டிட்டுப் போனா, கடற்கரை ஆஸ்பத்திரியில அழுத்த அறை இருக்கு, ஆக்சிஜன் குடுப்பாங்க, மருந்து குடுப்பாங்க. முதல் நாள்ல போனா ஒரு வாய்ப்பு. அஞ்சாம் நாள்ல போனா என்கிட்ட ஆறுதல் மட்டும்தான் இருக்கு.”

“எனக்கு இருபத்தாறு வருஷமா காதுல விசில் அடிக்குது” என்றார் புல்க்கினென். “அது நீண்டகாலப் பணிப் பதக்கம் மாதிரி. இன்னும் ஒரு கட்டளையைத் தப்பா கேட்டதில்ல.”

“கட்டளை போடுறதே நீங்கதானே.”

அதற்கும் சிரித்தார். சிரிக்கத் தெரிந்த மனிதர் என்பதால்தான் அவரோடு சண்டை போடுவது கஷ்டமாக இருந்தது.

“இன்னொண்ணு. பதுங்கு பயிற்சியில காதுக்கவசத்தைக் கழட்டச் சொல்றீங்களாம்.”

“வெத்துத் தோட்டாதானே சிஸ்டர்? குண்டா பறக்குது? காதை மூடிட்டுப் படுத்தா காடு பேசுறதைக் கேக்க முடியாது. படைவீரனுக்குக் காடு கேக்கணும்.” பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, “காடும் இப்ப முன்ன மாதிரி இல்ல. பத்து வருஷமா பறவை கூப்பிடுற ஊதலை ஊதிப் பாக்குறேன், ஒரு காட்டுக்கோழி பதில் குடுக்கல. எல்லாத்தையும் நரி தின்னுடுச்சு” என்றார்.

ஹெல்வி பதிவேட்டை மூடினாள். “வெத்துத் தோட்டாவுக்குக் குண்டுதான் இல்ல. சத்தம் இருக்கு. காதுன்னு வர்றவன் லீவையும் பறிக்காதீங்க.”

“விதி நான் எழுதினது இல்ல.”

“லீவுச் சீட்டுல கையெழுத்து உங்களோடது.”

எதையும் மாற்றி அவர் கையெழுத்துப் போடவில்லை.

அக்டோபர் முதல் வாரம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒருவன் கால் கொப்புளத்தோடு வந்தான். பஞ்சு வைத்துக் கட்டும்போது இயல்பாகப் பேச்சுக் கொடுத்தாள்.

“இன்னும் எத்தனை காலை?”

“நூத்தி நாப்பத்தி ரெண்டு, சிஸ்டர்.” எத்தனை காலைகள் விடிந்தால் விடுதலை என்பதை அவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

“கூடாரத்துல நல்லாத் தூங்கினீங்களா?”

“எங்கே! பக்கத்துல ஒருத்தன் தலையைத் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தான். அவன் காதுக்குள்ள கொசு கத்துதாம். அக்டோபர்ல கொசு!” சிரித்தவன் பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

“யாரு?”

“தெரியலையே.”

“பக்கத்துல படுத்தவனைத் தெரியாதா?”

“இருட்டு, சிஸ்டர்.”

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. லீவுக்கு முன்னால் ஒருவன் இன்னொருவனைக் காட்டிக்கொடுக்க மாட்டான். அந்த வாரக் கடைசி மூஸ் மான் வேட்டை தொடங்குகிறது. கிராமத்துப் பையன்களுக்கு அதைவிடப் பெரிய பண்டிகை வருடத்தில் இல்லை. வேட்டைக் குழுவில் தனக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்படும் நாளுக்காகப் பத்து வயதிலிருந்து காத்திருப்பார்கள். அடிபட்ட காதோடு நாளைக் காலை அவன் காட்டில் நிற்பான். அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கும். இந்தமுறை வெற்றுத் தோட்டா அல்ல.

கூடாரம் இரண்டாம் பிளாட்டூனுடையது. நாற்பத்தாறு பேர். பஸ் இரண்டரைக்கு.

இரண்டேகாலுக்கு அவள் வெள்ளைக் கோட்டின்மேல் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பையன்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். புல்க்கினென் படிக்குப் பக்கத்தில் நின்று லீவுச் சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல ஒருத்தனுக்குக் காதுல அடிபட்டிருக்கு. பத்து நிமிஷம் குடுங்க. நான் கண்டுபிடிச்சிடுறேன்.”

“எப்படி? ஐஸ்பெட்டியைத் தூக்கிட்டு வந்திருக்கீங்களா?”

“இல்ல. இது.” ஜாக்கெட்டைத் திறந்து மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தைக் காட்டினாள். சாவி கொடுக்கும் பழைய செவிலியர் கடிகாரம். தலைகீழாகத் தொங்கும்.

புல்க்கினெனுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். “பத்து நிமிஷம்” என்றார். “பதினோராவது நிமிஷம் பஸ் நகரும்.”

டிரைவரை இன்ஜினை அணைக்கச் சொன்னாள். உள்ளே ஏறினாள்.

“எல்லாரும் அமைதியா இருங்க. ஒவ்வொருத்தர் காதுலயும் இதைப் பிடிப்பேன். கண்ணை மூடிக்கணும். டிக்டிக் கேட்டா கேக்குதுன்னு சொல்லணும். இல்லேன்னா இல்லன்னு சொல்லணும். அவ்வளவுதான்.”

“சிஸ்டர், கேக்கலேன்னா பரிசு என்ன?” பின்னாலிருந்து ஒரு குரல்.

“உன் காதலி சொல்றது கேக்காது.”

“அப்ப எனக்கு வேணும் சிஸ்டர் அந்தப் பரிசு!”

பஸ் முழுக்கச் சிரித்தது. அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு முதல் இருக்கையிலிருந்து தொடங்கினாள். வலது காது, இடது காது. கேக்குது, கேக்குது. அடுத்தவன். கேக்குது, கேக்குது. ஆறேழு பேருக்குப் பிறகு அவளுக்குச் சலிப்பாக இருந்தது. மடத்தனமாகவும் இருந்தது. எல்லாரும் கேக்குது என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு எவன் கேட்கவில்லை என்பான்?

எட்டாவது இருக்கையில் அவள் கட்டைவிரல் நகத்தால் கடிகாரத்தின் திருகை இழுத்தாள். முள் நின்றது.

“கேக்குதா?”

“கேக்கு... இல்ல சிஸ்டர். நின்னுபோச்சு போல.”

“சரி.” திருகை அமுக்கினாள். “இப்ப?”

“ஆங், இப்ப கேக்குது.”

அதன்பிறகு அப்படியே போனாள். ஒரு காதுக்கு ஓடும் கடிகாரம், ஒரு காதுக்கு நின்ற கடிகாரம், சிலருக்கு மாற்றி. “கடிகாரம் செத்துப்போச்சு சிஸ்டர்” என்றான் ஒருவன். “சாவி குடுக்க மறந்துட்டீங்க” என்றான் இன்னொருவன். பையன்கள் உற்சாகமாகிவிட்டார்கள். புல்க்கினென் படியில் சாய்ந்துகொண்டு பார்த்தபடி இருந்தார்.

கடைசிக்கு முந்தைய வரிசையில் ஜன்னலோரம் சாந்தேரி ஒக்கோனென் என்று ஒருவன். சிவந்த கன்னம், விவசாயி வீட்டுப் பையன். மடியில் ஆரஞ்சு நிற வேட்டைத் தொப்பி. வலது காதுக்கு ஓடும் கடிகாரத்தைப் பிடித்தாள்.

“கேக்குது.”

இடது காதுக்கு நின்ற கடிகாரத்தைப் பிடித்தாள்.

“கேக்குது, சிஸ்டர்.”

அவள் கையை எடுக்கவில்லை. “நல்லா கேக்குதா?”

“நல்லாவே கேக்குது.”

பக்கத்து இருக்கையில் கால் கொப்புளக்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

“கண்ணைத் திற” என்றாள். அவன் திறந்தான். கடிகாரத்தை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். விநாடி முள் நாற்பத்தொன்றில் நின்றிருந்தது. அவன் அதைப் பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான், ஓடத் தொடங்கிவிடாதா என்பதுபோல.

“எப்ப?” என்றாள்.

“முந்தாநாள் காலையில. பக்கத்துல படுத்திருந்தவன் சுட்டான். கவசத்தைக் கழட்டியிருந்தோம்.” குரலைத் தாழ்த்தினான். “நாளைக்கு எனக்கு வேட்டையில இடம் குடுத்திருக்காங்க, சிஸ்டர். மூணாம் நம்பர் இடம். தயவுசெஞ்சு...”

“பையை எடுத்துக்க.”

அவன் எழுந்தான். முன்னால் வந்தபோது புல்க்கினென் அவன் கையிலிருந்து லீவுச் சீட்டை வாங்கி இரண்டாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். நோயாளிக்கு லீவு கிடையாது.

ஹெல்வி திரும்பிப் பார்த்தாள். நாற்பத்தைந்து முகங்கள் அந்த மடித்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. இந்த ஒருவனை அவள் பிடித்துவிட்டாள். இனி ஒருத்தனும் கொசு என்றுகூட வாயைத் திறக்க மாட்டான். அடுத்தமுறை நின்ற கடிகாரம் என்றும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

“கொஞ்சம் கீழ வாங்க” என்று புல்க்கினெனைக் கூப்பிட்டாள். பஸ்ஸின் பின்பக்கம், யாரும் பார்க்க முடியாத இடத்துக்கு நடந்தாள்.

“சீட்டைத் திருப்பிக் குடுங்க. சிகிச்சை முடிஞ்சதும் அவன் போகட்டும். தள்ளிவைங்க, ரத்து பண்ணாதீங்க.”

“பொய் சொல்லியிருக்கான் சிஸ்டர். கேக்காததைக் கேக்குதுன்னு சொன்னான். படையில அது சின்ன விஷயம் இல்ல.”

“பயந்து சொன்னான்.”

“பயந்தா பொய் சொல்லலாமா? ஒரு ஆம்பளை தனக்குக் கேக்கலேன்னா கேக்கலேன்னு சொல்லணும்.”

ஹீட்டர் அணைந்திருந்தது அவள் நினைவுக்கு வந்தது. பதில் கொடுக்காத காட்டுக்கோழி நினைவுக்கு வந்தது. உப்பு கேட்டுக் கத்தும் அப்பா நினைவுக்கு வந்தார்.

“அப்ப நீங்க சொல்லுங்க” என்று கடிகாரத்தை அவர் வலது காதுக்கு அருகில் கொண்டுபோனாள். “கண்ணை மூடுங்க.”

“என்னையா?” சிரித்தார். ஆனாலும் கண்ணை மூடினார். சற்றுநேரம் அசையாமல் நின்றார். பிறகு ஒரு விரலை உயர்த்தினார். “நின்னுருக்கு. என்னை ஏமாத்த முடியாது சிஸ்டர். அந்த வேலையை உள்ள பார்த்துட்டேன்.”

அவள் கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினாள். விநாடி முள் ஓடிக்கொண்டிருந்தது.

புல்க்கினென் அதைக் கையில் வாங்கினார். தானே வலது காதில் வைத்துப் பார்த்தார். இடது காதில் வைத்தார். காதுமடலோடு அழுத்தினார். முள் ஒரு முழுச்சுற்று சுற்றியது. கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“காட்டுக்கோழி?” என்றார்.

“அதோட குரல் இதைவிட மெல்லிசு.”

“அப்ப நரி...”

“நரி தின்னல.”

அவர் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டார். பஸ்ஸின் பின்கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். அங்கே யாரும் இல்லை. இந்த விஷயம் இங்கேயே முடிந்துபோகலாம் என்று ஹெல்வி நினைத்தாள். அவளும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள்.

புல்க்கினென் நடந்துபோய்ப் பஸ்ஸில் ஏறினார். அவள் படியில் நின்றாள்.

“எல்லாரும் கேளுங்கடா” என்றார். எப்போதும்போலச் சத்தமாக. அந்தச் சத்தம் ஏன் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. “ஒக்கோனெனுக்கு லீவு உண்டு. சிகிச்சை முடிஞ்சதும் ஆஸ்பத்திரியிலிருந்தே வீட்டுக்குப் போவான். இன்னையிலிருந்து காதுன்னு வர்றவன் எவனுக்கும் லீவு போகாது, தள்ளிதான் போகும். என் கையெழுத்து. வெத்துத் தோட்டாவா இருந்தாலும் கவசத்தைக் கழட்டக் கூடாது. கழட்டச் சொன்னது நான். அது தப்பு.” நிறுத்தினார். “இன்னொண்ணும் கேட்டுக்குங்க. சிஸ்டரோட கடிகாரத்துல நானும் இப்பத்தான் தோத்தேன். ஒக்கோனெனுக்காவது ஒரு காது மிச்சம் இருக்கு. எனக்கு ரெண்டும் இல்ல. இருபத்தாறு வருஷமா அதைப் பதக்கம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.”

கால் கொப்புளக்காரன் எழுந்து நின்று விறைப்பாக சல்யூட் வைத்தான். பஸ்ஸுக்குள் யாரும் அப்படிச் செய்வதில்லை. அவனைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள். கூரை தாழ்வாக இருந்ததால் உயரமானவர்கள் கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றார்கள்.

“உக்காருங்கடா, மண்டை இடிச்சுக்கப் போறீங்க” என்றார் புல்க்கினென். “டிரைவர், போகலாம்.”

கடற்கரை ஆஸ்பத்திரி இரண்டரை மணி நேரப் பயணம். புல்க்கினெனே காரை ஓட்டினார். சாந்தேரி முன்னால், ஹெல்வி பின்னால். பாதி வழியில் காட்டோரம் நிறுத்தி, ஹெல்வி பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். ஏலக்காய் மணக்கும் பன் ஆளுக்கொன்று. இறங்கி நின்று குடித்தார்கள். காற்று இல்லை. பிர்ச் இலைகள் மஞ்சளாகக் கிடந்தன.

“சார்” என்றான் சாந்தேரி. “காட்டுக்கோழி கூப்பிடுது.”

புல்க்கினென் கோப்பையைக் காரின்மேல் வைத்தார். “எங்க?”

சாந்தேரி தலையை இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். “இங்கதான் எங்கேயோ... தெரியலையே சார். எல்லாமே வலது பக்கத்திலிருந்து வர மாதிரி இருக்கு.”

“கேக்குது, ஆனா எங்கன்னு தெரியல. அப்படியா?”

“ஆமா சார்.”

“எனக்கு எங்க இருக்கும்னு தெரியும், ஆனா கேக்கல. ரெண்டு பேரும் சேர்ந்து வேட்டைக்குப் போனா கோழிக்குத்தான் கொண்டாட்டம்.”

சாந்தேரி அன்று முதல்முறையாகச் சிரித்தான். ஹெல்வி கையை நீட்டிக் காட்டினாள். ஓடைக்கு அப்பால் அடர்ந்து நின்ற மூன்று ஸ்ப்ரூஸ் மரங்கள், நடு மரத்தின் கீழ்க்கிளை. புல்க்கினென் சட்டைப் பையிலிருந்து எலும்பு ஊதலை எடுத்து, அந்தத் திசையை நோக்கி மெதுவாக ஊதினார். ஊதியது அவருக்கே கேட்டிருக்காது. விரலின் பழக்கத்தால் ஊதினார். பிறகு திரும்பிப் பையனின் முகத்தைப் பார்த்தார்.

“பதில் குடுத்துச்சு சார்.”

“குடுத்துச்சா?”

“ரெண்டு தடவை.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே காரில் ஏறினார். ஆஸ்பத்திரி வாசலில் பையனின் பையைத் தானே தூக்கி வந்தார்.

சாந்தேரி ஒன்பது நாள் தினமும் அந்த இரும்பு அழுத்த அறைக்குள் ஆக்சிஜன் முகமூடியோடு உட்கார்ந்தான். அவன் கோட்டில் அறுபது டெசிபலில் கிடந்த பள்ளம் முப்பதுக்கு ஏறியது. அதில் ஆக்சிஜன் செய்தது எவ்வளவு, உடம்பு தானாகச் செய்தது எவ்வளவு என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். நேரத்தில் வந்தது நல்லது, அதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். இரைச்சல் முழுவதும் போகவில்லை. அமைதியான அறையில் இருக்கும், வெளியே வந்தால் மறந்துவிடும் என்றான் சாந்தேரி. ஊர் வேட்டைக் குழு மூன்றாம் நம்பர் இடத்தை இரண்டு வாரம் காலியாகவே வைத்திருந்தது. அவன் போய் நின்றான், காதடைப்பும் அதன்மேல் கவசமும் போட்டுக்கொண்டு. குழுவில் இருந்த பெரியவர்கள் கிண்டல் செய்தார்களாம். அவன் கழற்றவில்லை.

ஹெல்வி அதற்குப் பிறகு பதினேழு வருடம் அந்த அறையில் இருந்தாள். மற்ற முகாம்களிலிருந்து ஆட்கள் வந்து அவள் பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். லீவு விதி இரண்டு வருடத்தில் அச்சுக்கு வந்தது. அதில் அவள் பெயர் இல்லை, விதிகளில் யார் பெயரும் இருக்காது. புல்க்கினென் இரண்டு காதிலும் கருவி மாட்டிக்கொண்டார். அணிவகுப்பின்போது தொப்பியைச் சற்று மேலே தூக்கிவைத்து அது எல்லாருக்கும் தெரியும்படி நிற்பார். அந்தக் கருவியிலும் காட்டுக்கோழி கேட்கவில்லை. யாராவது ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய் ஊதுவார். ஹெல்வி ஓய்வுபெற்ற நாளில் தளபதி அவளைப் பேசச் சொன்னார். கேக்கைப் பெரிய துண்டுகளாக வெட்டிக் கொடுத்தாள்.

அவள் சொல்ல நினைத்திருந்தால் அந்த இரண்டாவது வியாழக்கிழமையைச் சொல்லியிருப்பாள். பஸ் போய் இரண்டு வாரம் ஆகாத ஒரு வியாழன். சாயங்காலம் ஐந்து மணி. அவள் மேசையைத் துடைத்துவிட்டு ஜாக்கெட்டைக் கையில் எடுத்திருந்தாள். கதவு தட்டப்பட்டது.

மூன்று பேர் நின்றார்கள். காட்டிலிருந்து நேராக வந்திருந்தார்கள். முட்டிவரை சேறு, முகத்தில் கறுப்பு மை. வியாழக்கிழமை என்றால் முகாமில் பட்டாணி சூப். அதன் வாசனை அவர்கள் உடுப்பில் ஏறியிருந்தது. முன்னால் நின்றவன் காதுக்கவசத்தைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான்.

“சார்ஜென்ட் அனுப்பினாரு, சிஸ்டர். எங்க பக்கத்துல ஒண்ணு வெடிச்சது. இவன் கவசம் புதர்ல மாட்டிக் கழண்டிருந்தது. இவனுக்குக் காது அடைச்ச மாதிரி இருக்கு. எங்களுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா எதுக்கும் பாத்துடலாம்னு...”

“எப்ப வெடிச்சது?”

“ரெண்டு மணிக்கு. சூப் குடிச்சிட்டு ஓடுங்கன்னாரு. குடிச்சிட்டு ஓடி வந்தோம்.”

மூன்று மணி நேரம். அவள் பதினோரு வருடத்தில் மூன்று மணி நேரக் காதைப் பார்த்ததில்லை.

“உள்ள வாங்க. பூட்ஸ் இருக்கட்டும், பரவாயில்ல.”

அவர்கள் தயங்கினார்கள். நடுவில் நின்றவன், அடைத்த காதுக்காரன், நிலைப்படியிலேயே நின்றான்.

“சிஸ்டர், நாளைக்கு வெள்ளிக்கிழமை. லீவு... உண்டுதானே?”

“உண்டு. ஒரு வாரம் தள்ளிப் போகலாம். ஆனா உண்டு.”

“சார்ஜென்டும் அதான் சொன்னாரு. உங்க வாயால ஒருதடவை கேட்டுக்கலாம்னு.”

“கேட்டுக்கிட்டியா?”

அவன் நல்ல காதைத் தொட்டுக்காட்டினான். “இதுல கேட்டுக்கிட்டேன்.”

அவனை ஐஸ்பெட்டிக்குள் உட்காரவைத்தாள். சிவப்பு வலது, நீலம் இடது. கதவைச் சாத்துவதற்கு முன்னால் பதிவேட்டைத் திறந்து, பெயரை எழுதி, தேதியை எழுதினாள். கிழமைக்கான கட்டத்துக்கு வந்ததும் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு வியாழன் என்று, ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகத் தெரியும்படி, அழுத்தி எழுதினாள்.